நாற்பது பக்க நோட்டு

2024 மே மாதம் எங்கள் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் கிளம்பினோம். ஒருத்தி நான். 36 வருடம் வருவாய்த் துறையில் இருந்துவிட்டு, தலைமையிடத்துத் துணை வட்டாட்சியராக, மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. இன்னொருத்தி எனக்கு மூன்று வாரம் முன்னால் பணிவிடுவிப்பு ஆணை வாங்கிக்கொண்டு போன 24 வயதுப் பெண். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து அவளுக்கு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு மாலை, சால்வை, வெள்ளி விளக்கு, எல்லோரும் நின்று எடுத்த போட்டோ. ஜீப்பில் ஏற்றி வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். அவளுக்கு ஒரு டீ, ஒரு வடை. "போறவதானே, சேர்ந்த அன்னிக்கே தெரியும்" என்று பக்கத்து செக்‌ஷனில் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும். நான் அதை மறுக்கவில்லை. என் மனசிலும் அதே பேச்சுதான் இருந்தது. அன்று மறுக்காமல் இருந்தது இன்றுவரை உறுத்துகிறது.

கையில் கிடைத்த அரசு வேலையை ஏழு மாதத்தில் ஒருத்தி எப்படி விடுவாள் என்று என் வீட்டில்கூடக் கேட்டார்கள். அவள் அரசு வேலையை விடவில்லை, எங்கள் அலுவலகத்தில் அவள் பார்த்த சீட்டை, அந்த மேஜைப் பொறுப்பை மட்டும் விட்டாள். 2022 மே மாதம் குரூப் 2 முதல்நிலைத் தேர்வு, அதே வருடம் ஜூலையில் குரூப் 4. படிக்கிற பிள்ளைகள் இரண்டையும்தான் எழுதுவார்கள், எது கைகூடும் என்று யாருக்குத் தெரியும்? குரூப் 4 முடிவு 2023 மார்ச்சில் வந்து, கலந்தாய்வு முடிந்து, அக்டோபரில் எங்களிடம் வந்தாள். குரூப் 2 முதன்மைத் தேர்வை அதற்கு முன்பே, பிப்ரவரியில், எழுதி முடித்திருந்தாள். அந்த முடிவு 2024 ஜனவரியில்தான் வெளியானது. அதில் வேறொரு துறையில் உதவியாளர் பணி கிடைத்தது. இளநிலை உதவியாளருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500, உதவியாளருக்கு 20,600. 1,100 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு படியைப் பதவி உயர்வில் ஏற வேண்டுமென்றால் துறைத் தேர்வு, தகுதிகாண் பருவம், சீனியாரிட்டி பட்டியல் என்று வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என் மகளாக இருந்திருந்தால் நானே போகச் சொல்லியிருப்பேன்.

அவள் ஒருத்தி இல்லை. என் கடைசி நான்கு வருடத்தில் அந்த ஒரு சீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் வாங்கினார், ஒருவர் மேல் தேர்வில் போனார், ஒருவர் மகப்பேறு விடுப்பு, நடுவில் கொஞ்ச காலம் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கூடுதல் பொறுப்பு, அப்புறம் இவள். வட்டாட்சியர்களும் அப்படித்தான். தேர்தல் வந்தால் மூன்று வருடம் முடித்தவர்களைத் தூக்குவார்கள், தேர்தல் முடிந்ததும் மறுபடி ஒரு சுற்று. வேலை நிரந்தரம்தான். வேலையில் இருக்கிற முகம் மட்டும் நிரந்தரம் இல்லை.

சீட்டுக்குள் என்ன இருக்கிறது

எங்கள் அலுவலகங்களில் கோப்பு ஆளுக்குப் போகாது, சீட்டுக்குப் போகும். தபால் பகிர்மானப் பதிவேட்டில் ஏறும், சீட்டின் தன்பதிவேட்டில் ந.க. எண் என்கிற கோப்பு எண் வாங்கும், முடிந்ததும் ஒரு முடிவு எண்ணோடு பதிவறைக்குப் போகும். எல்.டிஸ் என்றால் ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும், கே.டிஸ் மூன்று, டி.டிஸ் பத்து, ஆர்.டிஸ் என்றால் என்றைக்கும். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. ஆள் மாறினாலும் அலுவலகம் மறக்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு பதிவேடு. இளநிலை உதவியாளர்களைப் பவானிசாகருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுக்கும்போது இதையெல்லாம் சொல்லித்தருவார்கள். ஆனால் பதிவேடு, கோப்பு எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்லும். ஏன் அங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாது. இப்போது எல்லாம் கணினிக்கு வந்துவிட்டது. யார் மேஜையில் எத்தனை நாள் என்று திரையில் தெரிகிறது. அந்த "ஏன்" அதிலும் கிடையாது.

ஒரு பெரியவரைச் சொல்கிறேன். அவருடைய அப்பா நிலம் 62 சென்ட். 1979-லிருந்து 87 வரை நடந்த யுடிஆர் என்கிற நிலப் பதிவேடு மேம்பாட்டு வேலையில், பட்டாவைப் புதுப்பிக்கும்போது, அது பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் ஏறிவிட்டது. அவரே பயிர் வைத்து அறுத்துக்கொண்டிருந்ததால் பல வருடம் இது தெரியவே இல்லை. பேரனுக்குக் கல்விக் கடன் எடுக்கப் போனபோது வங்கியில் பட்டா கேட்டார்கள், அப்போதுதான் தெரிந்தது. திருத்தம் கேட்டு மனு போட்டார். அவர் ஒவ்வொரு முறை வரும்போதும் அந்த சீட்டில் புது ஆள். "மனு நகல் கொடுங்க, மூலப்பத்திரம் நகல் கொடுங்க, பழைய அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) நகல் வாங்கிட்டு வாங்க." அவர் ஒரு மஞ்சள் பையில் எல்லாவற்றையும் வைத்திருப்பார். மறுபடி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார். புது ஆள்மேல் எனக்குக் குறை இல்லை. வந்து இரண்டு வாரம் ஆனவருக்கு, இதே காகிதம் ஏற்கெனவே வேறொரு உறையில், வேறொரு கோப்பின் அடியில் கிடக்கிறது என்று எப்படித் தெரியும்? தெரிந்த ஒரே ஆள் நான். என்னைக் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் அது பெரியவரின் கஷ்டகாலம்.

2003 ஜூலை

ஆள் மாறினால் என்ன ஆகும் என்பதை மொத்தமாகப் பார்த்தது 2003-இல். அந்த வருடம் ஏப்ரல் 1 முதல் சேர்கிறவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்று ஆகியிருந்தது. இருக்கிறவர்களின் சலுகைகளும் குறைந்திருந்தன. ஜூலை 2-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. டெஸ்மா என்கிற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் வந்தது. சில நாட்களுக்குள் சுமார் 1.7 லட்சம் பேர் பணிநீக்கம். விசாரணை இல்லை, குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்கும் 17பி குறிப்பாணை இல்லை, ஒரு கையெழுத்தில் முடிந்துவிட்டது. "கவர்மென்ட் உத்தியோகம், யாரும் அசைக்க முடியாது" என்று சொல்லிப் பெண் கொடுத்த குடும்பங்கள் எங்கள் ஊரில் எத்தனையோ. அந்த வாரம் அந்த வீடுகளின் வாசலில் நின்று பேசக்கூட முடியவில்லை.

நான் அப்போது கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை முடிந்து மருத்துவ விடுப்பில் இருந்தேன். அதனால் தப்பித்தேன். தப்பித்தது எனக்குப் பெருமை இல்லை. திரும்பி அலுவலகம் போனால், தெரிந்த முகம் நாலைந்துதான். மற்ற நாற்காலிகளில் தற்காலிகமாக எடுத்த பிள்ளைகள். படித்தவர்கள், புத்திசாலிகள், வேலையில்லாமல் கஷ்டப்பட்டவர்கள். அவர்களைப் பார்த்துக் கோபப்படவும் முடியவில்லை. ஒரு பையன் கோப்புக் கட்டை அவிழ்த்து மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு அரைமணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் என்னப்பா என்றேன். "மேடம், இதுல எது முதல் பக்கம்?" என்றான். எங்கள் கோப்பில் குறிப்பு ஒரு பக்கம் வளரும், கடிதப் போக்குவரத்து இன்னொரு பக்கம் வளரும். ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பிடிபட்டுவிடும். அவனுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

ஆகஸ்ட் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ கிடையாது என்றது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலானவர்கள் அதற்குள் திரும்பி வந்திருந்தார்கள். வந்தவர்கள் பழைய ஆட்களாக இல்லை. என் மேஜைக்கு எதிரே இருந்த அண்ணன் ஒருவர், அதுவரை புதிதாக வருகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லித்தருவார். திரும்பி வந்தபிறகு தன் வேலையை மட்டும் பார்த்தார். ஐந்தே முக்காலுக்குப் பையை எடுப்பார். ஏன் அண்ணே என்று கேட்டதற்கு, "என்னைய ஒரு நாள்ல மாத்த முடியும்னு காமிச்சிட்டாங்களேம்மா" என்றார். அவர் ஓய்வு பெறும்வரை வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2001 முடிவிலிருந்து 2006 வரை புது ஆள் எடுப்பதற்கே தடை இருந்தது. அந்த வருடங்களில் அலுவலகங்களில் நிரந்தரமாகச் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. அப்போது சேர்ந்திருக்க வேண்டியவர்கள்தான் இன்றைக்கு நடுத்தட்டில் இருந்து, மேலே இருப்பவர்களிடம் கற்று, கீழே இருப்பவர்களுக்குச் சொல்லித்தந்திருப்பார்கள். அந்தத் தட்டு மெலிந்து போய்விட்டது. பிறகு ஓய்வு வயதை 2020-இல் 59, 2021-இல் 60 என்று உயர்த்தினார்கள். இரண்டு வருடம் போக வேண்டியவர்கள் போகாமல் இருந்துவிட்டு, அதன்பின் மாதாமாதம் கிளம்பினோம். மேலே நரைத்த தலைகள், கீழே குரூப் 2 புத்தகத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் திறக்கிற பிள்ளைகள், நடுவில் ஆள் குறைவு. இப்படித்தான் என் கடைசி வருடங்களில் அலுவலகம் இருந்தது.

ஏற்பதற்கில்லை

அரசு ஊழியருக்கு ஏன் இவ்வளவு பாதுகாப்பு, தனியாரில் யாருக்கு இருக்கிறது என்று கேட்பவர்கள் நிறைய. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வேலை செய்யாதவரையும் அந்தப் பாதுகாப்பு காப்பாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் என் பதில் மாறவில்லை. நான் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த உதவியாளர் ஒருவர், ஓடைப் புறம்போக்கை வளைத்துப் போட்ட ஒரு பெரிய மனிதரின் மனுவில் "கோரிக்கை ஏற்பதற்கில்லை" என்று குறிப்பு எழுதினார். கோப்பு மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறையும் அதே வரியை எழுதினார். நாலாவது வாரம் அவருக்கு மாவட்டத்தின் அடுத்த கோடிக்கு மாறுதல். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு சிரித்த முகமாகப் போனார். மாற்ற முடிந்தது, நீக்க முடியவில்லை. அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு, விசாரணை நடத்தி, ஊழியர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் நீக்கக் கூடாது என்கிறது. அது அவருக்குப் பின்னால் நின்றது. அந்த ஓடையில் இன்றும் மழைக்குத் தண்ணீர் போகிறது. பாதுகாப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

அந்தப் பாதுகாப்பு இல்லாதவர்கள் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். கிராமங்களில் வேலை பார்த்த மக்கள் நலப் பணியாளர்கள் 1989-இல் நியமிக்கப்பட்டார்கள், ஆட்சி மாறி 1991-இல் வீட்டுக்கு, 1997-இல் திரும்ப, 2001-இல் வீட்டுக்கு, 2006-இல் திரும்ப, 2011-இல் சுமார் 13,500 பேர் ஒரே ஆணையில் வீட்டுக்கு. எங்கள் வட்டத்தில் ஒரு அக்கா இருந்தார். எந்தத் தெருவில் எந்தப் பாட்டிக்கு முதியோர் பென்ஷன் வரவில்லை என்று வாயாலேயே சொல்வார். 2011-க்குப் பிறகு அந்த அக்கா தையல் மெஷினோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாட்டிகளின் பட்டியல் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இப்போது கணினி முன்னால் தொகுப்பூதியத்தில், ஏஜென்சி வழியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் கதையும் இதேதான். தினமும் பொதுமக்கள் முகம் பார்ப்பவர்கள் அவர்கள். மேலே இருந்து "இதைப் பண்ணு" என்றால் "ஏற்பதற்கில்லை" என்று அவர்களால் எழுத முடியுமா? அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டுமே.

அந்த நோட்டு

சரி, அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். விடுவிப்பு ஆணை வந்த அன்று மாலை என் மேஜைக்கு வந்து நின்றாள். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் கையில் இருந்தது. நிலுவைக் கோப்பு இத்தனை, பதிவேடு இத்தனை, பீரோ சாவி ஒன்று. நான் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வைத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற நோட்டு, நீல அட்டை. "இது பட்டியல்ல வராது மேடம். அடுத்து வர்றவங்களுக்கு."

அவள் போனபிறகு திறந்தேன். ஒவ்வொரு நிலுவைக் கோப்புக்கும் ஒரு பக்கம். ந.க. எண், பொருள், அதற்குக் கீழே சாதாரணத் தமிழில் நாலைந்து வரி. "இந்த நில அளவர் செவ்வாய், வெள்ளி மட்டும்தான் இருப்பார். போன் பண்ணிவிட்டு மனுதாரரை அனுப்பவும்." "இதில் அண்ணனும் தம்பியும் தனித்தனியாக மனு கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே நிலம். சேர்த்துப் பார்க்கவும்." பதினாறாம் பக்கத்தில் அந்தப் பெரியவர். "ஆவணம் எல்லாம் மூன்று முறை கொடுத்துவிட்டார். மறுபடி கேட்க வேண்டாம். இடது பீரோ, கீழ்த்தட்டு, பழுப்பு உறை. 1987 ஆர்.டிஸ் கோப்பு பதிவறையில் கிடைக்கவில்லை, பதிவறை எழுத்தரிடம் இரண்டு முறை கேட்டாயிற்று. வந்தால் உட்காரச் சொல்லவும். அவருக்கு இடுப்பு வலி, நிற்க முடியாது."

அதை நான் இரண்டு முறை படித்தேன். அந்தப் பெரியவரை எனக்கு நாலு வருடமாகத் தெரியும். அவருக்கு இடுப்பு வலி என்று எனக்குத் தெரியாது. அந்த 1987 கோப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். 1990-களில் பதிவறையில் மழை ஒழுகியபோது ஒரு பகுதிக் கட்டுகளைத் தேர்தல் சாமான் வைக்கிற அறைக்கு மாற்றினோம். அதில் கொஞ்சம் திரும்பி வரவே இல்லை. மாற்றியவர்களில் நானும் ஒருத்தி. அவள் இரண்டு முறை பதிவறை எழுத்தரைக் கேட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? அந்த அறையில் கட்டு இருப்பதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லையே.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஏழு மாதம் இருந்தவள், போகப்போகிறோம் என்று தெரிந்ததால் எழுதினாள். நான் 36 வருடம், "நான் எங்கே போகப்போகிறேன்" என்ற தைரியத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த தலைமை எழுத்தர் 1980 நவம்பர் பற்றி அடிக்கடி சொல்வார். நெடுங்காலமாக இருந்த கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியம் (ஊர்த் தலைவர்) பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. சுமார் 23,000 பேர். ஊர்க் கணக்கெல்லாம் கர்ணம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும், அவர் மனசு வைத்தால்தான் எடுப்பார், அதனால் அந்த ஏற்பாடு போனது நல்லதுதான் என்பார். நானும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன். கர்ணம் பெட்டியில் பூட்டி வைத்தார். நான் தலைக்குள் பூட்டி வைத்திருந்தேன். என்னிடம் வந்து கேட்க வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு மிதப்பும் இருந்திருக்கிறது. அதை இவ்வளவு வருடம் அனுபவம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது மூன்று வாரம் மீதி இருந்தது. தேர்தல் பாக்கி வேலை, தணிக்கைப் பதில், என் ஓய்வூதியக் காகிதங்கள். அந்த நோட்டின் பின்பக்கங்களில் ஏழு பக்கம் எழுதினேன். எந்தக் கட்டு எந்த அறையில், எந்தக் கிராமத்தின் பழைய அ-பதிவேட்டில் எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது, அதன் நகல் எந்த அலுவலகத்தில் கிடைக்கும், எந்தப் புல எண்ணில் ஏற்கெனவே வழக்கு இருக்கிறது. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. ஏழு பக்கத்தோடு நோட்டு முடிந்துவிட்டது. கடைசி நாள் மாலையில் நோட்டைச் சீட்டின் மேல் டிராயரில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

அந்த சீட்டுக்கு அதற்குப் பிறகு இரண்டு பேர் மாறிவிட்டார்கள். இப்போது ஒரு பையன். போன வாரம் போன் பண்ணினான். என்னைப் பார்த்ததே இல்லை. நோட்டில் என் பெயரும் நம்பரும் இருந்ததாகச் சொன்னான். நான் எழுதவில்லை. அவளுக்கு அடுத்து வந்த யாரோ எழுதியிருக்கிறார்கள். பெரியவர் கோப்பு இப்போது கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறதாம். தேர்தல் அறையில் அந்த 1987 கட்டு கிடைத்துவிட்டது, ஆனால் அதில் குறிப்பிட்டிருக்கும் உட்பிரிவு வரைபடத்தைக் காணோம் என்றான். அது அந்தக் கோப்பில் இருக்காது, அந்த வருடத்து வரைபடங்களை மட்டும் பிற்பாடு தனியாகக் கட்டி அளவைப் பிரிவுக்கு அனுப்பினோம், சிவப்பு நாடா போட்ட கட்டு என்றேன். மறுமுனையில் டிராயர் இழுபடும் சத்தம்.

"மேடம், ஒரு நிமிஷம் இருங்க. எழுதிக்கிறேன். பழைய நோட்டு முடிஞ்சிடுச்சு, புதுசு எடுக்கிறேன்."